அறை மூன்று தடவை விழுவது ஏன்?

(செங்கோட்டையில் கோயில் கொடையை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இன்று வீட்டில் நம்மை அதிகம் மகிழ்விப்பவை நெடுந்தொடர்களா, போட்டி நிகழ்ச்சிகளா?’ நெடுந்தொடர் அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, மேடையில் இருப்பவர்களே, எதிரே இருப்பவர்களே, பந்தலுக்கு வெளியே நின்று சுண்டல் தின்றுகொண்டே கேட்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவு நேரம் போதும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நல்ல கைதட்டல் வாங்கினார். என்ன சொல்லி வாங்கினார்? “சீரியலில் கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் மூன்று தடவை காட்டுவான். மூன்று தடவையும் வாயைப் பிளந்து பார்க்க வேலைவெட்டி இல்லாதவர்களால்தான் முடியும்” என்றார். பெண்கள் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. சிரித்தவர்கள் எல்லாம் நாளைக்கு ராத்திரி எந்த சேனலில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், பேசாமல் இருங்கள்.

தலைப்பைப் பற்றிப் பேச நாலு குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அதை இதோ மடித்து வைக்கிறேன். முதலில் இந்த அறைக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

தம்பி, உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பீடி சுற்றுகிறார்கள்? எங்கள் தெருவுக்கு வாருங்கள். எங்கள் பெரியம்மா சாயந்தரம் காப்பியைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். மடியில் சுளவு, அதுதான் முறம். சுளவில் வெட்டின இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். இலையை எடு, தூளை வை, உருட்டு, நூலைச் சுற்று, தலையை மடக்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. கண் இலையை விட்டு அகலக் கூடாது. கோணலாகச் சுற்றினால் கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் பெரியம்மா சீரியல் பார்ப்பதில்லை. கேட்கிறாள்.

‘டமார்’ என்று ஒரு சத்தம். முதல் அறை. பெரியம்மா தலை நிமிர்கிறது. இரண்டாவது அறை. அடித்தது யார் என்று பார்த்துக்கொள்கிறாள். மூன்றாவது அறை. வாங்கினது யார் என்று தெரிந்துவிட்டது. “வேணும் அவனுக்கு” என்று சொல்லித் தலையைக் குனிகிறபோது கையில் இருந்த பீடிக்கு நூல் சுற்றி முடிந்திருக்கும். தம்பி, அந்த மூன்று அறை வேலை இல்லாதவர்களுக்காக விழவில்லை. வேலையில் இருக்கிறவர்களுக்காக விழுகிறது. யாரோ ஒரு டைரக்டர் பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

இருங்கள், கைதட்டலை மிச்சம் வையுங்கள், இன்னும் இருக்கிறது.

அறையை மூன்று தடவை காட்டுவது தப்பு என்றால், உங்கள் பிக் பாஸில் என்ன நடக்கிறது? ஒரே ஒரு சண்டை. காலையில் முதல் புரோமோவில் ஒரு தடவை. மத்தியானம் இரண்டாவது புரோமோவில் ஒரு தடவை. சாயந்தரம் மூன்றாவது புரோமோ. ராத்திரி எபிசோடு. மறுநாள் அந்தச் சண்டையைப் பற்றி நாலு பேர் மூலையில் உட்கார்ந்து பேசுவார்கள். வாரக் கடைசியில் குறும்படம் என்று போட்டு மறுபடியும் காட்டுவார்கள். எங்கள் அறை மூன்று விநாடியில் முடிந்தது. உங்கள் சண்டை சனிக்கிழமை வரை வருகிறது! கேரள எல்லையில் இருக்கிற நமக்கு இன்னும் விசேஷம். தமிழில் 2017-ல் கமல்ஹாசன் ஆரம்பித்தார், 2024 முதல் விஜய் சேதுபதி. மலையாளத்தில் 2018 முதல் மோகன்லால். கேபிளில் ரெண்டும் வரும். ஒரு வீட்டுச் சண்டையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுச் சண்டைக்குப் போகலாம். அந்த வீடும் நம் வீடு இல்லை. 1999-ல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்று கட்டின வீடு, இங்கே வாடகைக்கு வந்திருக்கிறது.

பாட்டுப் போட்டி? பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள், நான் மறுக்கவில்லை. முடிவு சொல்கிற இடத்தைப் பாருங்கள். “அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிறவர்...” என்பார்கள். விளக்கை அணைப்பார்கள். மத்தளம் அடிப்பார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா முகம், அப்பா முகம், நடுவர் முகம், திரும்ப அம்மா முகம். அப்புறம் சோப்பு விளம்பரம். எங்கள் அறையாவது விளம்பரத்துக்கு முன்னால் விழுந்துவிடும்.

கோமாளிகளோடு சமைக்கிற போட்டி, அந்தக் குக்கு வித் கோமாளியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 2019-ல் தொடங்கியதிலிருந்து நானே பார்க்கிறேன். மேடைக்காகப் பொய் சொல்லக் கூடாது. புகழ், சிவாங்கி, பாலா எல்லோரும் சிரிக்க வைத்த பிள்ளைகள். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு நிற்பதைக் காதால் எப்படிச் சிரிப்பது? பீடி சுற்றுகிறவள் சுளவைக் கீழே வைக்க வேண்டும். கையும் காலும் ஓய்ந்தவர்களுக்கு அது. தம்பி, யார் வேலை இல்லாதவர்கள் என்று இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, அறை முடிந்தது. இப்போது ஒரு நடந்த கதை.

எங்கள் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, புனலூர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். காதல் கல்யாணம். பையன் வீடு மலையாளம். நம் ஊரில் இது அதிசயமா? 1956 நவம்பர் 1 வரை நாமே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தானே, ஊர் வளைவில் அந்தச் சங்கு முத்திரை இன்னும் நிற்கிறதே. கோடு போட்டு மாநிலத்தைப் பிரித்தவர்கள் சம்பந்தத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். ஆனாலும் பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. சம்பந்தியம்மாவுக்கும் ஆறவில்லை. கல்யாணப் பந்தியிலேயே முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சே கிடையாது. அக்கா போனைக் கொடுத்தால் பெரியம்மா, “எனக்கு அவங்க பாஷை வராது” என்பாள். அங்கே சம்பந்தியம்மா, “எனிக்கு தமிழ் அறியில்லா” என்பார். ரெண்டும் பச்சைப் பொய். செங்கோட்டையில் பிறந்தவளுக்கு மலையாளம் வராதா? தமிழ்ப் படம் ஒன்று விடாமல் பார்க்கிற புனலூர்க்காரிக்குத் தமிழ் தெரியாதா?

இந்த நிலைமையில் 2023 ஜனவரியில் விஜய் டிவியில் ‘சிறகடிக்க ஆசை’ வந்தது. கார் ஓட்டுகிற முத்து, பூக்கட்டி விற்கிற மீனா, மாமியார் விஜயா, வாயைத் திறந்தால் பொய்யாக வருகிற மூத்த மருமகள் ரோகிணி. பெரியம்மா முதல் நாளிலிருந்து சுளவோடு ஆஜர். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், ஏசியாநெட்டில் அதே கதையை ‘செம்பனீர் பூவு’ என்று ஆரம்பித்தார்கள். முத்து அங்கே சச்சி. மீனா அங்கே ரேவதி. சம்பந்தியம்மா அதில் விழுந்தார்.

ஒருநாள் அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: “இந்தக் கதை எங்க அம்மாவுக்கு ஒரு வருஷம் முன்னாலயே தெரியும் அத்தை.”

அன்றைக்கு ராத்திரி பெரியம்மா வீட்டுப் போன் அடிக்கிறது. பார்த்தால் சம்பந்தி நம்பர். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பதறி எடுக்கிறாள். அந்தப் பக்கம் நலம் விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. “சேச்சி, ரேவதி வீடு விட்டுப் போகுமோ?”

பெரியம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் உடனே சொல்வாளா? “ஒவ்வொண்ணா வரும் சம்பந்தியம்மா, நாளைக்கு இதே நேரத்துக்குப் போடுங்க” என்று வைத்துவிட்டாள். மறுநாள் போன். அதற்கு மறுநாளும் போன். கிளி ஜோசியக்காரன் சீட்டு எடுக்கிற மாதிரி நாளுக்கு ஒரு சீட்டு. தட்சிணையும் வர ஆரம்பித்தது. பாலருவி எக்ஸ்பிரஸில் தெரிந்தவர் யார் வந்தாலும் அவர் கையில் ஒரு டப்பா சக்க வரட்டி என்கிற பலாப்பழ இனிப்பு, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல். வறுவல் குறைந்தால் கதையும் குறையும். ஒரு வாரம் டப்பா வரவில்லை. “ஞாபகமறதி வருது சம்பந்தியம்மா, வயசாயிட்டுல்லா” என்றாள். மறுநாளே டப்பா வந்தது. ஞாபகமும் வந்தது.

இனிதான் கதையே. அக்காவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மலைப்பாதை, ஆரியங்காவு வளைவு, வண்டி குலுங்கும், இங்கேயே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றார்கள். பெரியப்பா ஆள் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசினார், நடக்கவில்லை. பெரியம்மா ஒரே ஒரு போன் போட்டாள். “அந்த மூத்த மருமக வேஷம் எப்படிக் கலையும்னு எனக்குத் தெரியும். ஆனா மகளைப் பார்க்காம மனசு சரியில்ல. கதை வர மாட்டேங்கு.”

மறுநாள் செங்கோட்டை ஸ்டேஷனில் அக்கா இறங்குகிறாள். பின்னாலேயே, கையில் பையோடு, சம்பந்தியம்மாவும் இறங்குகிறார்! வீட்டுக்கு வந்தார், காலைக் கழுவினார், கட்டிலில் உட்கார்ந்தார். “இனி பறயூ சேச்சி.”

பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏன்? அந்தச் சமயத்தில் நம் பக்கத்திலும் அந்த வேஷம் கலையவில்லையே! ஒரு வருஷம் முன்னால் ஓடியும் தமிழிலேயே இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வாள்? சுளவை எடுத்து மடியில் வைத்தாள். தானாகவே ஒரு கதை கட்டினாள். போலீஸ் வருகிறது, கோர்ட் வருகிறது, விஜயா மயங்கி விழுகிறாள், முத்து ரத்தம் கொடுக்கிறான். இடையில் மலேசியாவுக்கு விமானம்கூடப் போய் வந்தது. சம்பந்தியம்மா வைத்த கண் வாங்காமல் கேட்டார். நடுவில் பெரியம்மா மூச்சு வாங்கினபோது, பக்கத்தில் இருந்த இலையை எடுத்து அவரும் உருட்டிப் பார்த்தார். கோணல்தான். பெரியம்மா அதைப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். பின்னால் டிவியில் கதை வேறு மாதிரி போனபோது சம்பந்தியம்மா சொன்னாராம், சேச்சி சொன்னதுதான் நன்றாக இருந்தது என்று.

தம்பி, தோசை சுடுகிற போட்டியை வைத்து ஒரு சம்பந்தியைப் புனலூரிலிருந்து வரவழைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மளிகைக் கடை 2020-ல் மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ ஆனது. நம் கதிர்-முல்லையை அங்கே சிவன்-அஞ்சலி என்று தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மலையாளத்துக் ‘கறுத்தமுத்து’ இங்கே ‘பாரதி கண்ணம்மா’வாக வந்தது. புளியரை செக்போஸ்டில் மாட்டுக்கு, மணலுக்கு, கோழிக்கு எல்லாம் சோதனை உண்டு. மாமியாருக்குச் சோதனை கிடையாது.

நெடுந்தொடர் பொய் என்கிறீர்கள். பொய்தான். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். தினமும் எங்கள் தெருவே அவரைத் திட்டும். அவர் வாயைத் திறந்தால் பெரியம்மா, “இவன் உருப்படுவானா” என்பாள். 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் பெண்கள் அழுதார்கள். முதல் நாள் ராத்திரி சாபம் விட்ட வாய்கள். தினமும் வீட்டுக்குள் வந்து போன மனுஷன், அவ்வளவுதான். எந்தப் போட்டியில் தோற்று வெளியே போனவருக்காக அப்படி அழுதோம்?

நடுவர் மணியைத் தொடுகிறார், ஒரே ஒரு நிமிஷம்.

போன வருஷம் பெரியம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். காலமெல்லாம் மங்கலான குண்டு பல்பில் இலை வெட்டின கண். டிவி பக்கம் கொஞ்ச நாள் திரும்பக் கூடாது என்று சொல்லி ஒரு கண்ணை மூடிக் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். அக்காவுக்குக் கைக்குழந்தை, வந்து இருக்க முடியவில்லை. யார் வந்தார்கள் தெரியுமா? சம்பந்தியம்மா. பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே சம்பந்தியம்மா.

வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். ராத்திரி டிவியைப் போட்டு, பெரியம்மாவைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு வருகிற இடத்தில் பெரியம்மாவுக்கு உதவி வேண்டாம். அவள் காதால் பார்க்கிறவள்தானே. ஆனால் சீரியலில் பேச்சே இல்லாமல் முகத்தை முகத்தைக் காட்டி மியூசிக் போடுவார்களே, தம்பி கேலி செய்த அதே இடம், அங்கே சம்பந்தியம்மா மலையாளத்தில் சொல்வார். “மீனா நோக்குந்நு... விஜயாவும் நோக்குந்நு... ரோகிணி கரயுந்நு.” கண்ணாடிக்குள்ளிருந்து பெரியம்மா சொல்வாள்: “கள்ளக் கண்ணீர் சம்பந்தியம்மா, நம்பாதீங்க.” அந்த வாரம் முழுக்க எங்கள் தெருப் பெண்கள் தங்கள் வீட்டு டிவியை அணைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா அழுதுகொண்டே வந்தாள். என்னம்மா என்றேன். “கூடப் பிறந்தவ நான் அவளுக்கு இப்படிச் செய்யலியே ஏட்டி” என்றாள்.

இதற்கு மேல் எனக்கு வாதம் வராது, நடுவர் அவர்களே. மடித்து வைத்த குறிப்பு மடித்தபடியே இருக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பை யார் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் ஒன்பது மணிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்கச் சொன்னது நான் இல்லை. மேடை ஏறுகிறபோது மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா என் கையைப் பிடித்துச் சொல்லியனுப்பினார்கள். எதிரணித் தம்பியைப் பெற்ற அம்மா. வணக்கம்.