அந்த 35 ஆண்டுகள் இழப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

“இங்கிலாந்துப் பாடகி வஷ்டி பன்யனின் 35 ஆண்டு மௌனம் இசைக்கு வரவா, இழப்பா?” இதுதான் இன்றைய தலைப்பு. வரவு என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசி அமர்ந்திருக்கிறார். சைக்கடெலிக் ஃபோக் என்கிறார்களே, நாட்டுப்பாடலோடு கனவைக் குழைத்த அந்த இசையில் 1970-இல் ஒரே ஒரு ஆல்பம். பிறகு பேச்சு மூச்சில்லை. 2005-இல் திரும்பி வந்தார், உலகம் கொண்டாடியது. இடையில் பாடாமல் இருந்ததால்தான் அந்தக் குரல் சந்தையில் தேய்ந்து போகாமல் பத்திரமாக இருந்தது, வாழ்க்கை அவரைப் பழுக்க வைத்தது என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு இனிக்கிறது, நடுவர் அவர்களே. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் படித்த பெண் அவர். படம் வரையாமல் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று 18 வயதில் வெளியேற்றினார்கள். படிப்பையே பாட்டுக்காக இழந்த ஒருவர், மௌனத்தைத் தேடியா வந்திருப்பார்? ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் அவரைக் கண்டெடுத்தார். 1965-இல் டெக்கா நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. முன்பக்கத்தில் அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு. வஷ்டி தானே எழுதிய பாட்டு எங்கே? பின்பக்கத்தில்! தட்டு ஓடவில்லை. அடுத்த ஆண்டு இன்னொன்று, அதுவும் ஓடவில்லை. அதற்கப்புறம் பதிவு செய்தவை பெரும்பாலும் வெளியே வராமலே கிடந்தன. ‘ஃபோக் பாடகி’ என்ற பட்டம்கூட மற்றவர்கள் ஒட்டியது. அவர் ஆசைப்பட்டது பாப் பாட. அதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

1968-இல் லண்டன் வெறுத்துப்போய், துணைவரோடு ஒரு குதிரை வண்டியில் ஏறினார். பாடகர் டொனவன் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கலைஞர்களுக்கென்று ஒரு குடியிருப்பு அமைக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போகிற எண்ணம். வண்டியும் குதிரையும் வாங்கப் பணம் கொடுத்ததும் டொனவன்தான். லண்டன் பக்கத்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடமேற்குக்கு, பெஸ் என்ற குதிரையின் காலடிக் கணக்கில் ஓராண்டுக்கும் மேலான பயணம். போய்ச் சேர்ந்தபோது டொனவன் அங்கே இல்லை. ஆனால் வழிநெடுக எழுதிய பாட்டுகள் கையில் இருந்தன.

இந்த இடத்தை எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஊரை விட்டுப் போனது அவர் விருப்பம், அதை நான் மறுக்கவில்லை. ஊரை விட்டவர் பாட்டை விடவில்லையே! மழையிலும் சேற்றிலும் சாலையோரத்தில் தங்கி எழுதிக்கொண்டுதானே இருந்தார்? அவர் வாயடைத்தது அதற்குப் பிறகு. எப்படி அடைத்தது?

தயாரிப்பாளர் ஜோ பாய்ட் அந்தப் பாட்டுகளைக் கேட்டு, 1969 இறுதியில் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்தார். இசைக்கோர்ப்பு ராபர்ட் கிர்பி. உடன் வாசித்தவர்கள் ராபின் வில்லியம்சன், டேவ் ஸ்வார்ப்ரிக், சைமன் நிகோல். அன்றைய பிரிட்டிஷ் ஃபோக் இசையில் இதைவிடப் பெரிய துணை கிடைக்காது. ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ என்ற அந்த ஆல்பம் கடைக்கு வந்தது எப்போது? ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1970 டிசம்பரில். அந்த நேரம் பார்த்து ஜோ பாய்ட் தன் நிறுவனத்தைக் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். எடுத்துச் சொல்ல ஆளில்லை, கொண்டு சேர்க்க ஆளில்லை. விற்றது சில நூறு பிரதிகள் என்கிறார்கள். விமர்சனம் எழுதிய சிலரும் குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். குடத்திலிட்ட விளக்கு என்போமே, நடுவர் அவர்களே, அது இதுதான். விளக்கு தானாகக் குடத்துக்குள் போய் உட்காராது. யாரோ கவிழ்க்கிறார்கள், அல்லது எல்லோருமாகச் சேர்ந்து கவனிக்காமல் விடுகிறார்கள்.

தன் பாட்டு தோற்றது என்று அவர் நம்பினார். என் பாட்டு மோசம், அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்று ஒரு கலைஞர் 25 வயதில் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பண்ணை, குதிரைகள், மூன்று பிள்ளைகள் என்று வாழ்ந்தார். நல்ல வாழ்க்கைதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வாழ்க்கையில் பாட்டுக்கு ஏன் இடமில்லாமல் போனது?

1997-இல் இணையத்தில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். அவருடைய பழைய தட்டைச் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான பவுண்டுகள் கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய தட்டு கைமாறினால் பணம் விற்றவருக்குப் போகும். பாடியவருக்கு அதில் ஒரு பென்னி கிடையாது. இதையா வரவு என்கிறீர்கள்? 2000-இல் ஆல்பம் மறுபதிப்பு கண்டது. டெவெந்திரா பன்ஹார்ட் என்ற இளம் பாடகர், தான் தொடர்ந்து பாடலாமா என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வஷ்டி ஊக்கம் கொடுத்துப் பதில் எழுதினார். இன்று அந்த இளைஞர் பெயர் பெற்ற பாடகர். நான் கேட்கிறேன், அப்படி ஒரு பதில் 1970-இல் வஷ்டிக்கு வந்திருந்தால்?

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. 2005-இல் இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டர் தயாரிப்பில் வந்த ‘லுக்காஃப்டரிங்’ ஆல்பத்தில் தாய்மையும் காலமும் பேசுகின்றன, அந்த 35 ஆண்டுகள் இல்லாமல் அந்தப் பாட்டுகள் ஏது என்று கேட்டார்கள். உண்மை. வாழ்ந்ததால் அவை வந்தன. வாழ்வதற்குப் பாடாமல் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 30 வயதில் அவர் எழுதியிருக்கக்கூடிய பாட்டு எங்கே? 40 வயதில்? 50 வயதில்? மூன்று வயதுகளின் பாட்டு மொத்தமாகக் காணவில்லை. 2014-இல் ‘ஹார்ட்லீப்’ வந்தது. இசைக்குறிப்பு எழுதத் தெரியாதவர், வீட்டில் கணினியை வைத்துக்கொண்டு, மனதில் கேட்டதை ஒவ்வொரு சுரமாகத் தானே அடுக்கிப் பெரும்பகுதியைத் தானே தயாரித்தார். அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதுதான் கடைசி ஆல்பம் என்று அவரே அறிவித்தும்விட்டார். தன் பாட்டைத் தானே ஆளுகிற நிலைக்கு அவர் வந்து சேர்ந்ததும் கதை முடிகிறது. மொத்தம் மூன்றே ஆல்பங்கள்.

திரும்பி வந்தவரை வைத்துக்கொண்டு நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். திரும்பாதவரை என்ன செய்வது? நிக் டிரேக் என்ற இங்கிலாந்துப் பாடகர். அதே ஜோ பாய்ட், அதே ஒலிப்பதிவுக்கூடம், அதே ராபர்ட் கிர்பி. இவரையும் வஷ்டியையும் சேர்ந்து பாட்டெழுதச் சொல்லி ஜோ பாய்ட் ஒருமுறை உட்கார வைத்தார், ஒன்றும் வரவில்லை. நிக் டிரேக்கின் ஆல்பங்களும் அன்று விற்கவில்லை. 1974 நவம்பரில், 26 வயதில் அவர் இறந்தார். இன்று உலகமே அவரைக் கேட்கிறது, அவர் கேட்கவில்லை. அமெரிக்காவில் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸ், பல் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே 1970-இல் ஒரு ஆல்பம் போட்டார். அச்சான தட்டின் ஒலித்தரமே அவர் மனதை உடைத்தது. அடுத்த ஆல்பம் 2014-இல், 44 ஆண்டுகள் கழித்து! காலம் கைவிடாது என்கிறார் எதிரணித் தலைவர். ஐயா, காலம் ஒருவரைக் கொண்டுவந்து கரை சேர்த்ததைப் பார்த்துவிட்டு, நீரில் போனவர்களை மறந்து பேசலாமா?

கடைசியாக ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. குரல் பத்திரமாக இருந்தது என்றார்களே. அந்த ஆண்டுகளில் தன் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடியதில்லை என்று வஷ்டி பன்யன் சொல்லியிருக்கிறார். தாலாட்டைப் போன்ற அந்தக் குரல் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதே வீட்டில் மூன்று குழந்தைகள் அதைக் கேட்காமல் தூங்கினார்கள். அந்த இரவுகளை வரவில் எழுதுவதா, இழப்பில் எழுதுவதா என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் முதலில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.