ஒரே தலைவர், இரண்டு பட்டியல்: ஐரோப்பிய ஆணையம் எதை முதலில் வைக்கிறது?

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். மேசை தெரிகிறதா? இரண்டு பிரிண்ட் அவுட் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் பெயரில் வந்தவை. இடது பக்கம் இருப்பது 2019 ஜூலையில் அவர் வெளியிட்ட அரசியல் வழிகாட்டுதல்கள், அதாவது ஐந்து வருடத்துக்கான முன்னுரிமைப் பட்டியல். வலது பக்கம் இருப்பது 2024 ஜூலையில் வெளியிட்டது. உள்ளே போக வேண்டாம், தலைப்புகளை மட்டும் பார்ப்போம்.

2019-ல் ஆறு தலைப்பு. முதலாவது பசுமை ஒப்பந்தம், அதாவது பருவநிலை, சுற்றுச்சூழலுக்கான திட்டம். 2024-ல் ஏழு தலைப்பு. முதலாவது வளமும் போட்டித்திறனும், இரண்டாவது ராணுவமும் பாதுகாப்பும். பசுமை எங்கே போனது? தூக்கிவிடவில்லை. முதல் தலைப்புக்குள்ளேயே, சுத்தமான தொழில்துறை என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒண்டிக் குடித்தனம் நடத்துகிறது.

சரி, இந்த ஆணையம் யார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளிலிருந்தும் நாட்டுக்கு ஒருவர். புதிய சட்டத்துக்கு முன்மொழிவு கொண்டுவரும் உரிமை அநேகமாக இவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் திருத்தலாம், நிராகரிக்கலாம், ஆனால் தானாகத் தொடங்கி வைக்க முடியாது. அதனால் இவர்களுடைய வேலைப் பட்டியலில் ஏறாத விஷயம் சட்டமாவது கஷ்டம். பட்டியல் போடும் இடத்தில் இத்தனை தள்ளுமுள்ளு நடப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் பட்டியலை நாட்டுத் தலைவர்கள் போடுகிறார்கள். 2024 ஜூன் 27 அன்று பிரஸ்ஸல்ஸில் கூடி, ஐந்து வருடத்துக்கான வியூகத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். சுதந்திரமும் ஜனநாயகமும் உள்ள ஐரோப்பா, வலிமையும் பாதுகாப்பும் உள்ள ஐரோப்பா, வளமும் போட்டித்திறனும் உள்ள ஐரோப்பா. மூன்றே தலைப்பு. 27 பேரும் தலையாட்ட வேண்டிய காகிதம் என்பதால் யாரையும் உறுத்தாத வார்த்தைகளாக இருக்கும். உண்மையைச் சொன்னால் படிக்கும்போது தூக்கம் வரும். ஆனால் அதே கூட்டத்தில் வான் டெர் லேயனை மறுபடி தலைவராக்கலாமா என்று கேட்டபோது, ஹங்கேரியின் ஓர்பான் எதிர்த்தார், இத்தாலியின் மெலோனி ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று ஒதுங்கினார். காகிதத்தில் ஒற்றுமை, ஆளில் வேற்றுமை!

அப்புறம்தான் சுவாரசியமான கட்டம். தலைவர்கள் பெயரை முன்மொழியலாம், தேர்ந்தெடுப்பது ஐரோப்பிய நாடாளுமன்றம். அதுவும் ரகசிய வாக்கெடுப்பு. 2019-ல் வான் டெர் லேயனுக்குத் தேவைப்பட்டது 374 வாக்கு, கிடைத்தது 383. ஒன்பதே வாக்குதான் கூடுதல். நம் ஊரில் தேர்தல் அறிக்கை வாக்குப்பதிவுக்கு முன்னால் வரும். அங்கே மக்கள் வாக்களித்து முடித்த பிறகு, வாக்கெடுப்பு நடக்கும் அதே நாளில் இந்த வழிகாட்டுதல்கள் வெளிவருகின்றன. படிக்க வேண்டியவர்கள் எம்.பி.க்கள். கூட்டணி ஆட்சிகளில் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். 2024 பட்டியலில் வீட்டுவசதி ஏறியிருக்கிறது. அது சோசலிஸ்டுகள் வலியுறுத்தியது. அந்த முறைதான் முதன்முதலாக ஓர் ஆணையரின் பதவிப் பெயரிலேயே வீட்டுவசதி வந்தது. ராணுவப் பாதுகாப்புக்கென்று தனி ஆணையரும் அப்போதுதான் வந்தார். அந்த முறை வான் டெர் லேயனுக்குக் கிடைத்தது 401 வாக்கு.

வார்த்தைகளுக்கு எவ்வளவு விலை பாருங்கள். இடது பக்கக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். இந்தத் தலைப்பு, 'நமது ஐரோப்பிய வாழ்க்கைமுறையைப் பாதுகாத்தல்'. 2019 செப்டம்பரில் இதே பெயரில் ஒரு துணைத் தலைவர் பதவி அறிவித்து, கிரீஸின் மார்கரிட்டிஸ் ஸ்கினாஸுக்குக் கொடுத்தார்கள். குடியேற்ற விவகாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. உடனே கேள்வி எழுந்தது: யாரிடமிருந்து பாதுகாக்கப் போகிறீர்கள்? அகதிகளிடமிருந்தா? தீவிர வலதுசாரிகளின் பேச்சை நீங்களே பதவிப் பெயராக்குகிறீர்களே என்று எம்.பி.க்கள் பிடித்துக்கொண்டார்கள். நவம்பரில் 'பாதுகாத்தல்' போய் 'ஊக்குவித்தல்' வந்தது. வேலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு மாதச் சண்டை.

இப்போது பசுமைக்கு வருகிறேன். அது பின்னால் போனது பட்டியல் எழுதிய அன்றைக்கு அல்ல என்பது என் கருத்து. 2022 ஜூனில் ஆணையம் ஒரு முன்மொழிவு வைத்தது: 2030-க்குள் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைப் பாதியாக்க வேண்டும். 2023 நவம்பரில் நாடாளுமன்றமே அதை நிராகரித்தது. 2024 பிப்ரவரி முதல் தேதி பிரஸ்ஸல்ஸில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன, விவசாயிகள் தீ மூட்டினார்கள். ஆறாம் தேதி வான் டெர் லேயனே அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறப் போவதாக அறிவித்தார். ஜூனில் தேர்தல். ஜூலையில் இந்த வலது பக்கக் காகிதம். ஆக, டிராக்டர்கள் திருத்திவிட்டுப் போனதைத்தான் ஜூலையில் சுத்தமாகப் பிரதி எடுத்தார்கள். உக்ரைன் போர், தொழிற்சாலைகளின் மின்கட்டணம், இவையும் சேர்ந்துதான் தள்ளின, அதை மறுக்கவில்லை.

இன்னொரு காகிதம் இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. ஐந்து வருடப் பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு வருடத்துக்கும் ஆணையம் ஒரு செயல்திட்டம் போடும். முன்பக்கத்தில் புதிதாகக் கொண்டுவரப் போவது பளபளவென்று இருக்கும். பின்னிணைப்பில் திரும்பப் பெறப் போகும் முன்மொழிவுகள் இருக்கும். நான் பின்னாலிருந்துதான் படிக்கிறேன், செய்தித்தாளை விளையாட்டுப் பக்கத்திலிருந்து பிரிக்கிற மாதிரி. 2025 பிப்ரவரியில் வந்ததில் ஒரு வரி கண்ணில் பட்டது. மதம், ஊனம், வயது, பாலீர்ப்பு அடிப்படையில் வேலைக்கு வெளியேயும் பாகுபாடு கூடாது என்ற முன்மொழிவு. 2008-ல் வைத்தது. எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்பதால் அப்படியே கிடந்தது. அதைத் திரும்பப் பெறப் போவதாகப் போட்டிருந்தார்கள். வலது பக்கக் காகிதத்தில் ஐந்தாவது தலைப்பு என்ன தெரியுமா? ஜனநாயகத்தைப் பாதுகாத்தல், நமது விழுமியங்களை நிலைநிறுத்துதல்.