மேனேஜர் தலை மட்டும் என்ன பாவம் செய்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தோற்கிற தேசியக் கால்பந்து அணியில் பெரிய குற்றவாளி, ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஆட வைக்கும் மேனேஜரா, மற்றவர்களா என்பது தலைப்பு. மேனேஜர்தான் என்று வெளுத்து வாங்கிய எதிரணி நண்பர், சாட்சிக்கு 2001இல் வந்த 'மைக் பாசெட்: இங்கிலாந்து மேனேஜர்' என்ற நகைச்சுவைப் படத்தைக் கூப்பிட்டார். நல்ல சாட்சிதான். ஆனால் அது எங்கள் கட்சிச் சாட்சி!

படத்தின் நாயகன் பாசெட் அணிப்பட்டியலை சிகரெட் பெட்டியில் எழுதிக் கொடுத்தாராம். பென்சன், ஹெட்ஜஸ் என்று கீழ்மட்ட லீகில் கிடந்த இரண்டு பேருக்கு இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்ததாம். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். சரி, பெட்டியில் அச்சடித்த கம்பெனிப் பெயரை ஆட்டக்காரர் பெயர் என்று நம்பியது யார்? அலுவலகம். அந்த நாற்காலியில் பாசெட்டை உட்கார வைத்தது யார்? கால்பந்து சங்கம். முந்தைய மேனேஜருக்கு மாரடைப்பு. பெரிய ஆட்களெல்லாம் கும்பிடு போட்டு நழுவிவிட்டார்கள். அப்புறம்தான் நார்விச் சிட்டி கிளப்பிலிருந்த இவரைப் பிடித்துப் போட்டார்கள்.

'அது சினிமா' என்பீர்கள். நிஜத்துக்கே வருகிறேன். கிரகாம் டெய்லர், 1990 முதல் 1993 வரை இங்கிலாந்தின் மேனேஜர். 1992 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியில், சுவீடனிடம் 2-1 என்று தோற்றதும் 'சன்' பத்திரிகை அவர் தலையை டர்னிப் கிழங்காக்கிப் படம் போட்டது. களத்தில் ஆடிய பதினொரு பேர் தலையும் பத்திரமாகத் தலையாகவே இருந்தன!

1993 அக்டோபர், ராட்டர்டாம். நெதர்லாந்தோடு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. கோலை நோக்கி ஓடிய இங்கிலாந்தின் டேவிட் பிளாட்டை நெதர்லாந்தின் ரொனால்ட் கூமன் இழுத்துச் சாய்த்தார். ஆளை வெளியேற்றும் சிவப்பு அட்டை காட்டியிருக்க வேண்டும், காட்டியது வெறும் எச்சரிக்கைக்கான மஞ்சள். சில நிமிஷத்தில் அதே கூமன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். நெதர்லாந்துக்கு 2-0 வெற்றி. உங்கள் நடுவரால் என் வேலையே போகிறது என்று டெய்லர் கோட்டோரம் நின்று புலம்பியது அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் இருக்கிறது. (நடுவர் அவர்களே, உங்களைச் சொல்லவில்லை!)

அடுத்த மாதம் சான் மரினோ என்ற குட்டி நாட்டோடு ஆட்டம். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ் பின்னால் தட்டிய பந்து கீப்பரை எட்டவில்லை, ஒன்பது நொடிக்குள் சான் மரினோவுக்குக் கோல். இங்கிலாந்து 7-1 என்று ஜெயித்தும் உலகக் கோப்பைக்குப் போகவில்லை. அந்தப் பந்தையும் டெய்லரா தட்டினார்?

படத்தில் பாசெட்டின் அணி கையால் தட்டிய கோலில் அர்ஜென்டினாவை வெல்கிறது, அரையிறுதியில் தோற்கிறது. ஊர் திரும்பினால் வரவேற்பு! மனிதர் அதே மனிதர், அவர் பிடிவாதமாக நம்பிய நாலு-நாலு-ரெண்டு என்ற ஆட்ட வியூகமும் அதேதான். அப்படியானால் மாறியது யார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.