தஞ்சாவூர் ஓவியம் பழக வருகிறவர்களுக்கு: முதலில் பலகை

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சாவூர் ஓவியம் பழக வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எனக்குப் படம் வரைய வராதே, பரவாயில்லையா?" என்றுதான். பரவாயில்லை. கோட்டுப்படம் பெரும்பாலும் நகலெடுத்துத்தான் பலகைக்குப் போகிறது. தவழும் கிருஷ்ணனோ பட்டாபிஷேகமோ, மாதிரிப் படம் கடையிலேயே கிடைக்கும். கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அப்படி அழித்துப் போட முடியாதது பலகை ஒன்றுதான். சில மாதம் கழித்துப் படத்தில் வெடிப்பு விழுந்தாலோ பூச்சு பெயர்ந்தாலோ, பெரும்பாலும் அதற்கான தவறு முதல் வாரத்தில் நடந்திருக்கும். பல பயிற்சி வகுப்புகளில் அந்த முதல் வாரமே கிடையாது. வெள்ளை பூசிய பலகையைக் கையில் கொடுத்து, நேராகக் கல் ஒட்டச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதனால் இன்று அடித்தளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தஞ்சையை மராட்டியர் ஆண்டபோது, அதிலும் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் செழித்த கலை இது. அன்றைக்குப் பலாப்பலகை, துணி, புளியங்கொட்டைப் பசை, வெள்ளைச் சுண்ணத் தூள். இன்றைக்குப் பிளைவுட், காடாத் துணி, ஃபெவிகால், சாக் பவுடர். அடுக்கும் வரிசை அதேதான்.

முதல் படத்துக்கு 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம் போதும். அதைவிடச் சிறியதில் முகத்தில் கண் எழுத இடமிருக்காது. பெரியதில் பாதியிலேயே பொறுமை போய்விடும். 8 மி.மீ. கனத்தில், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டாக வாங்குங்கள். 4 மி.மீ. மலிவுதான், ஆனால் ஒரு பக்கம் ஈரம் பட்டாலே வளையத் தொடங்கும். காடாத் துணியைக் கஞ்சி போக வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியோடு ஒட்டினால் பசை நூலுக்குள் இறங்காது. பின்னால் துணி சுருங்கும்போது மேல்பூச்சையும் சேர்த்து இழுக்கும். 14க்கு 16 அங்குலமாக வெட்டினால் நான்கு பக்கமும் 2 அங்குலம் பின்னால் மடித்து ஒட்டலாம்.

ஃபெவிகாலையும் தண்ணீரையும் சம அளவு கலந்து பலகையில் பூசுங்கள். துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். பலகையின் பின்பக்கத்துக்கும் அதே பசைத் தண்ணீரை ஒரு கை பூசிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால்தான் பலகை நேராக நிற்கும். பிறகு ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும்.

அடுத்தது சாக் பவுடர் பூச்சு. பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கலக்கக்கூடாது. மெல்லிய மல் துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ளுங்கள், அதாவது துணி வழியே சலித்து எடுங்கள். ஒரு சின்னக் கட்டி தப்பிவிட்டாலும், தூரிகை போகும் வழியெல்லாம் கீறல் விழும். 100 கிராம் தூளுக்கு 35 கிராம் ஃபெவிகால். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகமாக அடித்துக் கலக்கினால் நுரை கட்டும், அந்த நுரை காய்ந்ததும் பலகையெங்கும் ஊசித் துளைகள் தெரியும்.

முதல் பூச்சு இடமிருந்து வலம். அது காய்ந்த பிறகு இரண்டாவது மேலிருந்து கீழ். இப்படி மாற்றி மாற்றி நாலைந்து பூச்சு. முதல் இரண்டு பூச்சுக்குப் பிறகும் துணியின் இழை மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் அவசரம் வருகிறது. ஒரே பூச்சில் தடிமனாக அப்பி, மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். அப்போது மேல்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் பிறகு மெதுவாக வெளியேறும்போது அடிப்பகுதி சுருங்கும். இறுகிப்போன மேல்பரப்பால் கூடவே சுருங்க முடியாமல் வெடித்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தாலும் இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பூச்சு காய இரண்டு நாள் ஆனால் ஆகட்டும், விட்டுவிடுங்கள்.

எல்லாப் பூச்சும் காய்ந்ததும் விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் லேசாக வெள்ளை ஒட்டினால் சரி. மாவாகக் கொட்டினால் பசை போதவில்லை; மேலே எதைப் பூசினாலும் நிற்காது, சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவதே லாபம். விரலில் ஒன்றுமே ஒட்டாமல் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் பசை மிஞ்சிவிட்டது, வர்ணம் பிடிக்காது. பதம் சரியாக இருந்தால் முதலில் 150, பிறகு 320 எண் உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

படத்தை டிரேசிங் தாளிலிருந்து இறக்குவதைப் பற்றி ஒன்றே ஒன்று. நீலக் கார்பன் வேண்டாம். அதன் எண்ணெய்ப் பசை, வெளிர் நிற முகத்தின் வழியே மேலே தெரியும். தாளின் பின்பக்கம் பென்சிலைத் தேய்த்துக்கொண்டாலே போதும்.

இனி கல்லும் மக்கும். சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்த கெட்டி மக்கில் ஜெய்ப்பூர் கற்களைப் பதியுங்கள். அதே மக்கைச் சற்றுத் தண்ணீர் விட்டு இளக்கி, மருதாணி போடும் கோனில் அடைத்தால் நகை, தூண், மண்டப வளைவு எல்லாவற்றையும் புடைப்பாக இழுக்கலாம். மைசூர் ஓவியத்தில் புடைப்பு மிகத் தாழ்வாக இருக்கும். தஞ்சாவூரில் உயரம் வேண்டும். அந்த உயரத்தை ஒரே தடவையில் எட்டப் பார்க்காதீர்கள். மெல்லியதாக ஒன்று, அது காய்ந்த பிறகு இன்னொன்று. மயிரிழை வெடிப்பு விழுந்தால் தண்ணீராகக் கரைத்த மக்கை அதில் ஓடவிட்டு நிரப்புங்கள். பிறகு மேலே ஒட்டப்போகும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, மறைத்துவிடும் என்று விட்டால், அது மறைக்காது. பளபளப்பு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் எடுத்துக்காட்டும். கல்லை அள்ளி ஒட்டினால் அழகு கூடும் என்பதும் பிரமைதான். பழைய படங்களைப் பாருங்கள், கண் முதலில் போவது முகத்துக்கு.

தங்க ரேக்கு 22 காரட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பித்தளை ரேக்கு முதல் நாள் ஒரே மாதிரி ஜொலிக்கும், போகப்போகக் கறுத்துவிடும். ஒட்டுவதற்கு அரபிக் கம். 25 கிராம் பிசினை 50 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நாலு நாளில் நாற்றமெடுக்கும், அதனால் கொஞ்சமாகவே கரையுங்கள். இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் கூடக் கொஞ்ச நாள் தாங்கும். ஃபெவிகாலை விட்டு இதற்கு மாறுவதற்குக் காரணம் உண்டு. ரேக்கு கோணலாக உட்கார்ந்துவிட்டால், பிசினை ஈரத் தூரிகையால் நனைத்து இளக்கிவிடலாம். காய்ந்த ஃபெவிகால் இளகாது.

புடைப்பின் மேல் பிசினைப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டும் பதம் வரும்வரை காத்திருங்கள். ஈரமாகவே வைத்தால் ரேக்கு நழுவும், அடியில் நீர்க்குமிழி நிற்கும். வேண்டிய இடத்தைவிட 2 மி.மீ. பெரிதாக வெட்டிய ரேக்கை மேலே வைத்து, நடுவில் ஒரு மெல்லிய தாளைப் போட்டு அழுத்துங்கள். வெறும் விரல் பட்டால் வியர்வைக் கறை விழும். தூரிகைக் காம்பின் மழுங்கிய முனையால் பள்ளங்களில் இறக்குங்கள். கல் இருக்கும் இடத்தில் ரேக்கு கூடாரம் போல் நிற்கும். அங்கே பிளேடால் குறுக்காகக் கீறி, கிழிந்த ஓரங்களைக் கல்லைச் சுற்றி அமுக்கிவிடுங்கள். கிழிந்துபோன இடத்தில் சின்னத் துண்டு ஒட்டினால் தெரியவே தெரியாது.

வர்ணம் கடைசியில். போஸ்டர் கலர் போதும். முதலில் ஓரமாக ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். திட்டுத் திட்டாக உறிஞ்சினால், ஒரு பங்கு ஃபெவிகாலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ரேக்கு இல்லாத இடங்களில் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பின்னணிச் சிவப்பையோ பச்சையையோ இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். நிழல் காட்டக் கறுப்பைச் சேர்த்தால் முகம் அழுக்காகத் தெரியும், பழுப்பைச் சேருங்கள். 00 தூரிகையால் அரக்கு நிறத்தில் வெளிக்கோடு இழுத்துவிட்டு, கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியாக எழுதுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி கல்லில் உரசாதபடி, கல்லின் உயரத்தைவிடக் கூடுதலான கனத்தில் உள்ளே ஒரு ரீப்பர் (ஒடுக்கமான மரப்பட்டை) வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தானாக வைக்கமாட்டார், அவர் வழக்கமாகப் போடுவது தட்டைப் படங்களுக்கு. மாட்டும் சுவர் குளியலறைப் பக்கமோ மழைச் சாரல் அடிக்கும் பக்கமோ இருக்க வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக வழி விடுங்கள்.