கம்பு நிற்க வேண்டிய இடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தற்காப்புக் கலை பிள்ளைகளுக்கு என்ன தருகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். கராத்தே இருக்கிறது, ஜூடோ இருக்கிறது, டேக்வாண்டோ இருக்கிறது. எனக்குத் தெரிந்தது சிலம்பம். பன்னிரண்டு வயதில் கம்பைத் தொட்டவன் நான். முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மதுரைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கரையில் பார்த்ததைத்தான் பேசப் போகிறேன். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று காலடி, இரண்டாவது கம்பை நிறுத்துவது, மூன்றாவது நல்ல ஆசானை எப்படித் தேடுவது.

முதலில் காலடி.

புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும் அம்மா அப்பா பத்தே நாளில் என்னிடம் வந்து நிற்பார்கள். "என்ன மாஸ்டர், இன்னும் கம்பையே கையில குடுக்கலையாமே? சும்மா நடக்க விடுறீங்களாம்ல?" என்பார்கள். ஆமாம், நடக்கத்தான் விடுகிறேன். முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, திரும்பு, மறுபடி முதலிலிருந்து. கால் எங்கே போகிறது என்பதை வானொலியில் விளக்க முடியாது, அதை நேரில்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்லலாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கையில் சாம்பார் வாளி இருக்கும், இரண்டு பக்கமும் இலை, நடுவில் ஒரு சாண் இடம். இலையையும் மிதிக்காமல், வாளியும் தளும்பாமல் போவார். அவர் காலைக் குனிந்து பார்ப்பதே இல்லை, அதுவாகப் போகும். சிலம்பத்தில் காலடி என்பது அதுதான். காலைப் பற்றி யோசிக்க வேண்டாத நிலை வந்தால்தான் கையில் இருக்கும் கம்பைப் பற்றி யோசிக்க முடியும்.

என் ஆசான் எனக்கு மூன்று மாதம் கம்பு கொடுக்கவில்லை. தினமும் சுவரில் சாத்தியிருக்கும் கம்புகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் அவ்வளவு நாள் வைப்பதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம். அதுவே அவர்களுக்குப் பெரிய காத்திருப்பு. விரலால் தொட்டால் படம் மாறுகிற உலகத்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். நாற்பது நாள் ஒன்றுக்காகக் காத்திருப்பது என்பது பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கம்பு கைக்கு வரும் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூடோவிலும் இப்படித்தான். 1882-இல் தோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் கனோ ஜிகோரோ என்பவர் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார். அவரும் தொழிலால் ஆசிரியர்தான். ஜூடோவில் எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அடிபடாமல் விழுவதற்குத்தான் பழக்குகிறார்கள். தேசம் வேறு, கலை வேறு, பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது எது என்பதில் மட்டும் ஒற்றுமை.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். கம்பை நிறுத்துவது. எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம் இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பு சுற்றுவதைத் திருவிழாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேளத்துக்கு ஏற்ற மாதிரி சுற்றும்போது கம்பே கண்ணுக்குத் தெரியாது, விர்ரென்ற சத்தம்தான் வரும். சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான். கலைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த ஒலியால் என்று சொல்வார்கள். சுற்றுவது அழகு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் விடாமல் பழகினால் எந்தப் பிள்ளையும் சுற்றிவிடும். வேகமாக வருகிற கம்பை எதிரில் நிற்பவன் நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துகிறானே, அது வித்தை. திரும்பவும் சொல்கிறேன், அடிக்கத் தெரிவதை நான் வித்தையில் சேர்ப்பதில்லை.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா ஆறாம் வகுப்புப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை எழுதி வாங்கிவிட்டார்கள். "இவன் கை சும்மாவே இருக்க மாட்டேங்குது மாஸ்டர். எதுக்கெடுத்தாலும் அடிச்சுப்புடுறான். நீங்கதான் பாத்து ஏதாச்சும் பண்ணணும்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு பையனின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடிக்கிற பயலுக்குக் கம்பு வேற சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது.

காலடியெல்லாம் முடித்து அவன் கையில் கம்பு வந்த முதல் வாரமே கூடப் பழகிய பையனின் விரல் முட்டியில் போட்டுவிட்டான். எங்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் அடித்தானோ அவன்தான் அடிபட்டவனுக்குத் துணி நனைத்துக் கட்ட வேண்டும், வீங்கின கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டு கிடையாது, தோப்புக்கரணம் கிடையாது. அன்றைக்கு அரை மணி நேரம் அவன் அப்படி உட்கார்ந்திருந்தான். அந்தக் கை நடுங்குவது இவன் கைக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் மண் அகல்விளக்கு ஒன்றை வைத்தேன். "கம்பைத் தலைக்கு மேல தூக்கு. முழு வேகத்துல இறக்கு. விளக்கு மேல படக் கூடாது" என்றேன். முதல் வீச்சிலேயே உடைந்தது. "நாளைக்கு வேற விளக்கு நீயே வாங்கிட்டு வா" என்றேன். வாங்கி வந்தான், அதுவும் உடைந்தது. அந்த வாரத்தில் ஏழு விளக்கு போயிற்று. நடுவில் அவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். மெதுவாக இறக்கினால் யாரும் நிறுத்தலாம், அது கணக்கில்லை என்று சொல்லிவிட்டேன். வேகமும் வேண்டும், நிற்கவும் வேண்டும்.

நிறுத்துவதற்குக் கை பலம் போதாது, நேயர்களே. கம்பு கிளம்பும்போதே அது நிற்க வேண்டிய இடம் மனதில் இருக்க வேண்டும். பாதி வழியில் நினைத்தால் முடியாது. பின்னங்கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், மூச்சு அந்த நேரத்தில் சரியாக வெளியே போக வேண்டும். இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவே இல்லை. சொன்னால் புரியாது, உடைத்து உடைத்துத்தான் வரும்.

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கில் எண்ணெய் விட்டு ஏற்றியே வைத்தேன். கம்பைத் தூக்கினான், இறக்கினான். சத்தமே இல்லை. கம்பின் காற்று பட்டுச் சுடர் அணைந்துவிட்டது. அகல் அப்படியே இருக்கிறது, திரியிலிருந்து புகை மட்டும் மேலே போகிறது. அவன் அசையவில்லை. கம்பு விளக்குக்கு மேலேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்டர், உடையல" என்றான், கிசுகிசுப்பாக. சின்னப் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்து பார்த்தார்கள்.

இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் அவனே வந்து சொன்னான். வகுப்பில் ஒருவன் இவன் நோட்டைக் கிழித்துவிட்டானாம். "கை போயிருச்சு மாஸ்டர். ஆனா பாதியில நின்னுருச்சு" என்றான். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனையோ பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இந்தப் பையன் சொன்ன வாக்கியம் அளவுக்கு எதுவும் எனக்குத் தெளிவாக இருந்ததில்லை.

அதோடு அவன் தங்கக்கட்டி ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே ஒருவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தான். நாங்கள் மறுபடி செங்கல்லை எடுத்து வைத்தோம். இப்போது ஒரு மெக்கானிக் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் காலடி போட்டுக் காட்டுகிறான்.

அந்த அப்பா கேட்ட கேள்விக்குத் திரும்ப வருகிறேன். அடிக்கிற பயலுக்குக் கம்பு கொடுத்தால் இன்னும் அடிப்பானா? அடிக்கலாம். அது எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ட்ரூல்சன் என்பவரின் ஆய்வு ஒன்று 1986-இல் வெளிவந்தது. அடாவடிப் பேர் எடுத்த பதின்வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு டேக்வாண்டோவை முறைப்படி, வணக்கம், தியானம், மரியாதை எல்லாவற்றோடும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதெல்லாம் இல்லாமல் சண்டை மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டு. முறைப்படி கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டையை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது. சின்ன ஆய்வுதான், மொத்தம் நாற்பது பேர்கூட இல்லை. ஆனாலும் களத்தில் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. எங்கள் பக்கம் சலாம் வரிசை என்று ஒன்று உண்டு. மண்ணைத் தொட்டு, ஆசானை வணங்கி, எதிரில் நிற்பவரையும் வணங்கித்தான் தொடங்குவோம். நேரமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை விடவே கூடாது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. தொடுமுறைப் போட்டியில் எதிராளி உடம்பைக் கம்பு தொட்டால் புள்ளி. பட்டதா இல்லையா என்பது பல சமயம் நடுவர் கண்ணுக்குத் தெரியாது, பட்டவனுக்குத்தான் தெரியும். எங்கள் களத்தில் பழகும்போது நடுவர் கிடையாது. யார்மேல் பட்டதோ அவனே "தொட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. "லேசாத்தான் உரசுச்சு", "சட்டையிலதான் பட்டுச்சு" என்று என்னென்னமோ சொல்வார்கள். நான் தலையிட மாட்டேன். ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் எல்லோரும் சொல்வார்கள். தன் தோல்வியைத் தானே சத்தமாகச் சொல்கிற பழக்கம் பத்து வயதில் வந்துவிட்டால் அது பெரிய சொத்து.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது என்னிடம் பாதிக்கு மேல் அவர்கள்தான். முகத்துக்கு நேரே கம்பு வந்தால் யாருக்கும் கண் தானாக மூடும். மூடாமல் பார்க்கப் பழக வேண்டும். என்னிடம் படிக்கிற ஒரு பெண், வந்த புதிதில் எண்ணிக்கை சொல்லும்போது குரலே வெளியே வராது. எட்டு மாதம் கழித்து அவள் பேருந்தில் உரசிக்கொண்டு நின்ற ஒருவனை நிமிர்ந்து பார்த்து, "தள்ளி நில்லுங்க" என்று சத்தமாகச் சொன்னாளாம். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். கம்புக்கு அங்கே வேலையே இல்லை. கண்ணும் குரலும் போதுமானதாக இருந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரல் காட்டுகிறார்கள், ஐந்து நிமிடம்தான் பாக்கி. மூன்றாவது விஷயத்தை ஓட்டமாகத்தான் சொல்ல வேண்டும்.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். என் ஆசான் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆனால் இதனால் சான்றிதழ் ஆசையும் வந்துவிட்டது. சாதனை என்று சொல்லி ஐந்து வயதுப் பிள்ளையை வெயிலில் மணிக்கணக்காகக் கம்பு சுற்ற வைக்கிறார்கள். தோளும் மணிக்கட்டும் முற்றாத வயது அது. தயவுசெய்து அதற்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஆசானைத் தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருநாள் முழுக்க களத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்துவிட்டால் ஆசான் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளைகள் தங்கள் கம்புக்குத் தாங்களே எண்ணெய் தடவுகிறார்களா, சிராய் கிளம்பியிருந்தால் தேய்த்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். சின்ன வயதில் ஒரு பொருளைத் தன்னுடையது என்று பேணுவதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் இல்லை.

கம்பு வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பிள்ளையைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, நெற்றி உயரத்துக்கு அளந்து வாங்குங்கள். வளர்கிற பிள்ளைதானே என்று பள்ளிச் சட்டை எடுப்பது மாதிரிப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். நீளம் கூடினால் கம்பு பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும், நிறுத்த வராது. அடுத்த வருடம் வளர்ந்தால் அடுத்த கம்பு வாங்கிக்கொள்ளலாம். பழைய கம்பு அடுத்து வருகிற சின்னப் பிள்ளைக்கு ஆகும்.

வணக்கம்.