அவசரப் பிரிவின் கடைசி டியூட்டி

தலைவர் அவர்களே, மழையையும் கொழும்புக் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிற பெரியோர்களே, என்னோடு வார்ட்டில் வேலை செய்து இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தொடர்கதைகள் எப்படி முடிய வேண்டும் என்பது இந்த மாதக் கூட்டத்தின் பொருள். முன்னால் பேசியவர்கள் நாவல்களைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு அடிமுடி தெரிந்த தொடர் ஒன்றுதான். அது 'ஈ.ஆர்.' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். சிக்காகோவில் கவுண்டி ஜெனரல் என்று கற்பனையாக ஓர் ஆஸ்பத்திரி, அதன் அவசரப் பிரிவு, அங்கே ஓடித் திரிகிற டொக்டர்மார், தாதிமார். 1994 செப்டெம்பர் 19இல் தொடங்கி 2009 ஏப்ரல் 2இல் முடிந்தது. 15 சீசன், 331 எபிசோட். நம்முடைய மெகா சீரியல்களுக்கு 331 என்பது ஒன்றேகால் வருடத்துக் கணக்கு. இவர்கள் வாரத்துக்கு ஒன்றாக 15 வருடம் இழுத்தார்கள். நான் பார்த்தது பம்பலப்பிட்டியில் வாங்கிய டிவிடியில். அது அசலா நகலா என்று யாரும் கேட்க வேண்டாம்.

இதை உருவாக்கியவர் மைக்கேல் கிரைட்டன். ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டு, டொக்டராகத் தொழில் செய்யாமல் எழுதப் போன மனிதர். முதல் எபிசோடின் கதையை அவர் 1974இலேயே எழுதிவிட்டார். இருபது வருடம் அது கிடப்பில் கிடந்தது. படித்தால் காரணம் புரியும். ஒரே நேரத்தில் பத்து நோயாளிகள், யாருடைய கதை பெரியது என்று தெரியாது, விளக்கமே இல்லாமல் மருத்துவச் சொற்கள் பறக்கும். கடைசி சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது, 2008 நவம்பர் 4இல், கிரைட்டன் காலமானார். அடுத்த வாரம் வந்த எபிசோடின் தொடக்கத்தில், பென்டன் என்ற சத்திரசிகிச்சை டொக்டராக நடித்த எரிக் லா சால் திரையில் வந்து அவருக்கு அஞ்சலி சொன்னார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். காதல் கதைக்குக் கலியாணமோ பிரிவோ முடிவாக வரும். துப்பறியும் கதையில் கள்ளன் பிடிபட்டால் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கதைக்கு என்ன முடிவு? ஆஸ்பத்திரி மூடுவதில்லை. காலை ஏழு மணிக்கு இரவு டியூட்டிக்காரி கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போவாள், மற்றவள் வாங்கிக்கொள்வாள். இந்தக் கடைசி சீசனை எழுதியவர்களுக்கு அது விளங்கியிருக்கிறது. 22 எபிசோடும் ஒரு நீண்ட கைமாற்றம்தான் என்பது என் வாதம். அதில் அவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே வழுக்கினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

இந்தச் சீசனின் முதல் எபிசோடிலேயே பிராட் செத்துப்போகிறான். பிராட், அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு கைக்கு வரப்போகிற இளம் டொக்டர். அம்புலன்ஸ் வெடித்துக் காயப்பட்டவனைத் தன் சொந்த அவசரப் பிரிவுக்கே கொண்டுவருகிறார்கள், கூட வேலை செய்தவர்களே அவனுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். கடைசி சீசன் என்றால் எல்லோரையும் கடைசிவரை உயிரோடு வைத்திருந்து ஒன்றாகப் படம் பிடிப்பதுதான் வழக்கம். இங்கே கதவைத் திறந்தவுடனேயே ஒரு இழப்பு.

மூன்றாவது எபிசோடை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அபி என்ற பாத்திரம் விடைபெறுகிறது. அபி முதலில் பிரசவ வார்ட்டில் தாதியாக இருந்தவள், பிறகு மருத்துவப் படிப்பை முடித்து டொக்டரானவள். இந்த முன்வரிசைக்கு அவள் ஏன் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசி நாளன்று ஹாலே என்கிற மூத்த தாதி அவளைக் கீழ்த்தளத்தில் ஒரு சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஒரு சுவர். அந்தப் பிரிவில் வேலை செய்துவிட்டுப் போனவர்களின் அலுமாரிப் பெயர்த் துண்டுகள் எல்லாம் அதிலே ஒட்டியிருக்கின்றன. கிரீன், ராஸ், பென்டன், கார்ட்டர் என்று பதினான்கு வருடத்துப் பெயர்கள். அபி தன் பெயரையும் ஒட்டிவிட்டுப் போகிறாள். நிர்வாகத்துக்கு அந்தச் சுவர் தெரியாது. அதன் இரகசியம் ஒரு தாதியிடம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் வேறு யாரிடம் இருக்கும்? டொக்டர்மார் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். ஹாலேயாக நடித்த இவெட் ஃப்ரீமன் தொடரின் முதல் எபிசோடிலும் இருந்தார், கடைசி எபிசோடிலும் இருந்தார். தொடரின் விளம்பரப் படத்தில் அவர் முகம் வராது, அது வேறு கதை.

2022இல் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வந்த பிறகு இந்த நாட்டு வைத்தியசாலைகளில் எத்தனை பிரியாவிடை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் பிரித்தானியாவுக்கு, ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கு. ஒரு கேக், ஒரு குழுப் படம், அடுத்த நாள் அந்த இடத்தில் ஆள் இல்லை. போகிறவர்களைத் துரோகிகள் என்று திட்டுகிற குரலும் கேட்டோம். அபி போகும்போது யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அவள் போன அடுத்த நிமிடம் தட்டுவண்டியில் இன்னொரு நோயாளி வருகிறார். போகிற உரிமையையும் மிச்சமிருப்பவர்களின் பாரத்தையும் பிரசங்கம் வைக்காமல் ஒரே எபிசோடில் காட்ட முடிந்திருக்கிறது.

அப்புறம் 19ஆவது எபிசோட். 2009 மார்ச் 12. இதற்காகத்தான் பலர் மறுபடி டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் ஜோர்ஜ் குளூனி வந்தார். 1999இல் போனவர், பத்து வருடம் கழித்து ஒரு நாள். கதையில் டொக்டர் ராஸாக அவரும், தாதியாக ஜூலியானா மார்குலிஸும் இப்போது சியாட்டிலில் வேலை செய்கிறார்கள். சைக்கிளில் விபத்துக்குள்ளாகி மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் பாட்டியிடம் உறுப்புதானம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பாட்டியாக சூசன் சரண்டன். பையனின் ஒரு சிறுநீரகம் சிக்காகோவுக்குப் போகிறது. அது யாருக்கு? தங்களோடு ஒரு காலத்தில் வேலை பழகிய கார்ட்டருக்கு. அது அவர்களுக்குத் தெரியாது, கடைசிவரை தெரியவராது. "சிக்காகோவில் ஒரு டொக்டராம்" என்ற அளவோடு அந்தக் கதை நிற்கிறது. நம்முடைய சீரியல்களாக இருந்தால் இந்த இடத்தில் மூன்று கோணத்தில் முகத்தைக் காட்டி இடி முழக்கியிருப்பார்கள். இவர்கள் பார்க்கிறவனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிட்டார்கள்.

கொழும்புக்காரருக்கு இது புரியாத விசயமா? 1958இல் ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவர் பத்திரிகையில் எழுதிக் கண்தானம் கேட்டார். தன் தாய் இறந்தபோது அந்தக் கண்களையும் இன்னொருவருக்குப் பொருத்தினார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தொடங்கியது. 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் போயின, அதன் பிறகு எத்தனையோ நாடுகளுக்கு. யாரோ ஒருவர் நம் ஊர்க் கிழவியின் கண்ணால் இன்றைக்கும் எங்கேயோ பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெற்றவரைக் கொடுத்தவர் வீட்டாருக்குத் தெரியாது.

அதே எபிசோடில் இன்னொன்று இருக்கிறது, குளூனியின் புன்னகையில் அதைப் பலர் கவனிக்கவில்லை. கார்ட்டருக்குச் சிறுநீரகம் பொருத்துகிற தியேட்டருக்குள் பென்டன் வந்து நிற்கிறார். சிகிச்சை செய்யப்போகிற டொக்டர் அவசரப்படுகிறார். பென்டன் விடவில்லை. செக்லிஸ்டை வாசியுங்கள், ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லுங்கள், என்ன சிகிச்சை, என்ன சிக்கல் வரலாம் என்று சொல்லுங்கள் என்கிறார். மற்றவருக்கு எரிச்சல். ஆனால் பின்னால் சிக்கல் வரும்போது தேவையானது ஆயத்தமாக இருப்பதற்கு அந்த வாசிப்பே காரணமாகிறது.

இது கதாசிரியரின் கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008 ஜூனில் வெளியிட்ட 19 அம்சச் செக்லிஸ்ட் அது. அதுல் கவாண்டே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முன்னின்று செய்த வேலை. எட்டு நகரங்களில் எட்டு வைத்தியசாலைகளில் சோதித்தார்கள். சியாட்டிலும் புதுடில்லியும் மணிலாவும் தான்சானியாவின் இஃபக்காராவும் அதில் உண்டு. மரண வீதம் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. முடிவு வெளியானது 2009 ஜனவரியில். இரண்டே மாதத்தில் அது தொடருக்குள் வந்துவிட்டது. ஒரு சுற்றறிக்கை மேசையில் இருந்து மேசைக்குப் போக எடுக்கிற காலத்தை நினைத்துப் பாருங்கள்! தியேட்டர் மிஸிமாருக்கு இந்தக் காட்சி ஏன் இனிக்கும் என்றால், செக்லிஸ்டை உரக்க வாசிக்கிறவள் பெரும்பாலும் தாதிதான். "மிஸி, நேரம் போகிறது" என்ற குரலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறவள்.

இதைச் சொல்லும்போது அந்த வருடத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. 2009 பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் எந்த ஆஸ்பத்திரிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்? புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் ஷெல் விழுந்து நோயாளிகளை அப்புறப்படுத்தினார்கள். புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது. செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் காயப்பட்டவர்களைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி நாடகம் பார்க்கிற மனம் எனக்கு இருக்கவில்லை. இந்தச் சீசனை நான் சில வருடம் கழித்துத்தான் பார்த்தேன். கார்ட்டர் கொங்கோவிலும் டார்பூரிலும் வேலை செய்கிற பழைய எபிசோடுகளை, அதற்குப் பிறகு, முன்பு பார்த்த கண்ணால் பார்க்க முடியவில்லை. மருந்து முடிந்துபோன கூடாரம் என்றால் என்ன என்று நடிகருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த மண்டபத்தில் சிலருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி எபிசோட் இரண்டு மணித்தியாலம். முதல் எபிசோடை இயக்கிய ரொட் ஹோல்கம்பையே கூப்பிட்டு இயக்க வைத்தார்கள், அவருக்கு எமி விருதும் கிடைத்தது. முதல் எபிசோடில் தூங்கிக்கொண்டிருந்த டொக்டர் கிரீனை லிடியா என்ற தாதி எழுப்பினாள். இங்கே அதே லிடியா வேறொரு டொக்டரை எழுப்புகிறாள். இடையில் 15 வருடம். அன்று கிரீனின் சின்ன மகளாக வந்த ரேச்சல் இன்று மருத்துவம் படிக்க விண்ணப்பித்துவிட்டு ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வருகிறாள். கிரீன் 2002இலேயே மூளைக் கட்டியால் இறந்துவிட்டார். வாசலில் அம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்போது கார்ட்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, "டொக்டர் கிரீன், வருகிறீர்களா?" என்கிறார். கமரா பின்னுக்குப் போய் முழு ஆஸ்பத்திரிக் கட்டடத்தையும் காட்டுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது, தொடர் முடிந்துவிட்டது. நான் கைமாற்றம் என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் அந்த எபிசோடில் எனக்கு முக்கியம் அது இல்லை. இரட்டைப் பிள்ளை பெற வந்த ஒரு தாய் இறந்துபோகிறாள். 1995இல், முதல் சீசனில், கிரீன் ஒரு கர்ப்பிணியின் நோயை வெறும் சிறுநீர்த் தொற்று என்று நினைத்து அனுப்பிவிடுவார். அது பிரசவ வலிப்பாக மாறி அந்தத் தாய் சாவாள். தொடரின் மிகச் சிறந்த எபிசோட் என்று பலரும் சொல்வது அதைத்தான். 15 வருடம், புதுக் கருவிகள், கெட்டிக்கார டொக்டர்கள், ஆனாலும் கடைசி நாளில் ஒரு தாய் போகிறாள். நம் நாட்டில் ஒவ்வொரு தாய்மரணத்தையும் விசாரிக்கிற ஒழுங்கு பல பத்தாண்டாக இருக்கிறது. கிராமத்து மிட்வைஃபிலிருந்து மேல்மட்டம் வரை கேள்வி வரும். அந்தக் கேள்வி மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் எதுவும் மிகையாகத் தெரியாது. இன்னொரு பக்கம், தொண்ணூற்றிரண்டு வயதான ஏர்னஸ்ட் போர்க்னைன், சாகக் கிடக்கிற மனைவியின் கட்டிலருகே ஒரு கணவனாக. அவளுக்கு யாரும் நெஞ்சை அமுக்கி வித்தை காட்டவில்லை.

அதற்காகவே இந்தச் சீசனை மதிக்கிறேன். இந்தத் தொடரையும் சேர்த்து மூன்று டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி 1996இல் ஓர் ஆய்வு வந்தது. டிவியில் இதயம் நின்றுபோனவர்களில் 75 சதவீதம் பேர் அந்த நிமிடம் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். உண்மையான வார்ட்டில் அப்படி இல்லை. எத்தனை மகன்மார் என் கையைப் பிடித்து, "மிஸி, இன்னொரு தரம் ஷொக் கொடுத்துப் பாருங்கோ" என்று அழுதிருக்கிறார்கள்! டிவி விதைத்த நம்பிக்கை அது. கடைசி சீசன் அந்தக் கடனில் கொஞ்சம் அடைத்தது.

வழுக்கிய இடங்களும் உண்டு. பழைய முகங்களைக் கூட்டிவருகிற ஆசையில் சில எபிசோடுகள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சந்திப்பு மாதிரி ஆகிவிட்டன. புதிதாக வந்த டொக்டர் பான்ஃபீல்டாக ஏஞ்சலா பாசெட், எவ்வளவு பெரிய நடிகை! குழந்தையை இழந்த தாயாக அவருக்கு ஒரு நல்ல எபிசோட் கொடுத்தார்கள், அதோடு சரி. அப்புறம் எங்கள் நிரந்தர முறைப்பாடு: ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் டொக்டர்மாரே செய்கிறார்கள். எந்த ஊரில்?

தலைவர் மணியைப் பார்க்கிறார். 331ஐயும் பார்க்க உங்களுக்கு நேரம் கிடையாது. முதல் சீசனின் 19ஆவது எபிசோடில் அந்தப் பிரசவத்தைப் பாருங்கள், பிறகு 15ஆவது சீசனின் 1, 3, 19, 22. ஒரு நீண்ட வார இறுதிக்குப் போதும். தாதிமாரோடு சேர்ந்து மட்டும் பார்க்காதீர்கள். குளூனி அழுகிற நேரத்தில் நாங்கள் அவர் கையுறை மாற்றாததைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், தேத்தண்ணி வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.