வெளிநாட்டு மிஷன் பள்ளியில ஒரு வருஷம் கற்பிக்கப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. மார்த்தாண்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, பி.எட். முடிச்சவங்க. "அக்கா, ஆப்பிரிக்காவுல மலாவியில ஒரு சர்ச் பள்ளியில சம்பளம் இல்லாம கற்பிச்சதா அடிக்கடி சொல்றீங்க. நானும் அப்படி எங்கயாவது ஒரு வருஷம் போகணும்னு ஜெபிச்சிட்டிருக்கேன். அங்க தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்? பிரசங்கம் பண்ணணுமா? சாப்பாடு ஒத்துக்குமா?" இதுதான் கேள்வி. படிச்சதும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

சாப்பாட்டை முதல்ல முடிச்சிடுவோம். மக்காச்சோள மாவுல கிண்டுறது, ன்சீமான்னு பேரு. நம்ம கேழ்வரகுக் களி மாதிரிதான், நிறம் வெள்ளை. தொட்டுக்க கீரை, பீன்ஸ், மலாவி ஏரியில பிடிக்கிற உசிபாங்கிற பொடி மீன். கையாலதான் சாப்பிடுவாங்க, அதுக்கு முன்னாடி ஒருத்தர் ஜக்குல தண்ணி ஊத்த மத்தவங்க கை கழுவிக்குவாங்க. சோறு வேணும்னா கரோங்கா பக்கம் விளையுற கிலோம்பெரோ அரிசி வாசனையா இருக்கும். ஒத்துக்கும்மா, கவலைப்படாதே.

நான் இருந்தது வடக்குல, ரும்பி மாவட்டம். ஏரிக்கு மேல உசந்து நிக்கிற மலைப்பகுதி. வீட்டுல பேசுறது தும்புகா, நாட்டுக்குப் பொதுவா சிச்சேவா, மேல்நிலைப் பள்ளிக்கு வந்தா பாடம் முழுக்க ஆங்கிலம். ஒரு பிள்ளை மூணு பாஷையைத் தாண்டி வந்துதான் அல்ஜீப்ராவைத் தொடுது, யோசிச்சுப் பாருங்க.

காலையில விழிக்கும்போதே விளக்குமாத்துச் சத்தம் கேக்கும். பிள்ளைங்க பள்ளிக்கூட முற்றத்தைப் பெருக்கி, மண்ணுல கோடு கோடா விளக்குமாத்துத் தடம் இருக்கும். அடுத்து அசெம்பிளி. வாத்தியக் கருவி ஒண்ணும் கிடையாது, ஒரு பொண்ணு முதல் அடியை எடுத்துக் கொடுப்பா, நாலு குரலா பிரிஞ்சு பாட்டு எழும்பும். யாரும் பயிற்சி கொடுத்த மாதிரி தெரியல, குழந்தையில இருந்து சபையில கேட்டு வளர்ந்த காது அது. ஒரு வேத பகுதி, ஒரு ஜெபம், முறைப்படி ஒவ்வொரு நாளும் ஒரு ஆசிரியர் நடத்துவாங்க. நம்ம முறை வர்றப்போ நாமளும் நடத்தணும். பிரசங்கம்னா அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை நீளமா இருக்கும், ஒரு பாடகர் குழு முடிச்சு உட்கார்ந்தா அடுத்த குழு எழுந்திருக்கும். உன்னை அங்க பிரசங்கியா யாரும் எதிர்பார்க்கல. கணக்கு வாத்தியாரா எதிர்பார்க்கறாங்க, அதுவும் ஊழியம்தான்.

மழைக்காலம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். கூரை தகரம். பெருமழை பிடிச்சா தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் வரிசைக்குக்கூடக் கேக்காது. அப்ப வாயை மூடிட்டு போர்டுல எழுத வேண்டியதுதான், பிள்ளைங்க எழுதிக்குவாங்க. ஜனவரி, பிப்ரவரிதான் கஷ்டமான மாசம். போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும், புதுசு இன்னும் வயல்ல நிக்கும். வெறும் வயித்தோட நடந்து வர்ற பிள்ளைங்களை அப்ப பார்க்கணும். அந்த மாசங்கள்ல கஷ்டமான பாடத்தை முதல் பீரியட்லயே முடிச்சிடுங்கன்னு அங்க இருந்த துணைத் தலைமையாசிரியர் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. எந்த பி.எட். புத்தகத்துலயும் இது இல்ல. இடுப்புல சிட்டெஞ்சே துணி கட்டிவிட்டு, ஊர் பெரியவங்க முன்னாடி எப்படி முழங்கால் மடிச்சு வணக்கம் சொல்றதுன்னு காட்டினதும் அவங்கதான்.

இப்ப நோட்டு விஷயத்துக்கு வர்றேன். தொடர்ந்து பார்க்கிறவங்க, "அக்கா மறுபடியும் நோட்டு திருத்துறதைப் பத்தி ஆரம்பிச்சிட்டாங்க"ன்னு நினைப்பீங்க. ஆமா, மறுபடியும் சொல்வேன், ஏன்னா இதை நான் நம்பினது அங்கதான். பாடப்புத்தகம் ஒரு வகுப்புக்குச் சில பிரதிதான் இருக்கும். ஆசிரியர் போர்டுல எழுதறதைப் பிள்ளைங்க அப்படியே நோட்டுல எழுதுவாங்க. அந்த நோட்டுதான் அவங்களுக்குப் பாடப்புத்தகம். ஃபார்ம் 4, அதாவது மேல்நிலைப் பள்ளியோட கடைசி வருஷம் முடிச்சு எம்.எஸ்.சி.இ. அரசுத் தேர்வு எழுதற வரைக்கும் அதை வெச்சுத்தான் படிக்கணும். அதனால எழுத்தைப் பொடிப்பொடியா எழுதி, ஓரத்துல விடற மார்ஜின்லயும் எழுதியிருப்பாங்க. ஒரு பக்கம்கூட வீணாகாது.

ஃபார்ம் 2ல ஒரு பொண்ணு. நல்லா படிக்கிறவ, அடர்த்திக் கணக்கு மட்டும் எப்பவும் தப்பா வரும். நோட்டை வாங்கிப் பார்த்தா சூத்திரமே தலைகீழா இருக்கு. நிறையைக் கனஅளவால வகுக்கணும், இவ கனஅளவை நிறையால வகுத்து வெச்சிருக்கா, அதைச் சுத்திக் கட்டம் வேற போட்டிருக்கா. ஏம்மான்னு கேட்டேன். "அண்ணன் நோட்டுல இப்படித்தான் இருக்கு மேடம்." மறுநாள் அந்த நோட்டையும் கொண்டு வந்தா, மாவுப் பையோட காகிதத்துல அட்டை போட்டது. அதே கட்டம், அதே தப்பு. அந்தப் பக்கத்துல சிவப்பு மையே படல. அந்த வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அத்தனை பெரிய வகுப்புகளை ஒருத்தரே வெச்சுக்கிட்டு எத்தனை நோட்டைத் திருத்துவார்? ஆனா ஒரு தப்பு அண்ணன்கிட்ட இருந்து தங்கச்சிக்கு வந்து, அடுத்து தம்பிக்கும் போகக் காத்துக்கிட்டிருந்துச்சு.

அதுக்கப்புறம் இயற்பியல் சாரும் நானும் சாயங்காலத்துல ஸ்டாஃப் ரூம்ல உட்காருவோம். கரன்ட் போனா டார்ச். பிள்ளைங்க நோட்டைத் திருத்துறதோட, ஒவ்வொரு பாடத்துக்கும் சரிபார்த்த ஒரு நோட்டை அவர் கையெழுத்துலயே எழுதி அலமாரியில வெச்சோம். என் கையெழுத்துல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அங்க இருக்கப்போறது அவர். அடுத்த வருஷம் அதைத் திறந்து, அடிச்சு, திருத்தி, சேர்த்து எழுதப்போறவர் அவர்.

தங்கச்சி, நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த ஊருக்கு முதல்ல கற்பிக்கப் போனவங்க யார்? ஸ்காட்லாந்து மிஷனரிகள்னு எல்லாரும் சொல்வாங்க. ராபர்ட் லாஸ் பெரிய மனுஷர், 1875ல போய் ஏரிக்கரையில இருக்கிற கேப் மெக்ளியர்ல ஆரம்பிச்சு, பண்டாவே வழியா, 1894ல மலை மேல லிவிங்ஸ்டோனியாவுக்கு வந்தார். அவங்களை அனுப்பின ஃப்ரீ சர்ச்தான் அப்ப மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியையும் நடத்திட்டிருந்துச்சு, அதனால நமக்கு அது ஒண்ணும் அந்நியம் இல்ல. ஆனா 1876ல தென்னாப்பிரிக்காவுல இருக்கிற லவ்டேல்ல இருந்து – ஊட்டி லவ்டேல் இல்லம்மா – நாலு ஆப்பிரிக்கர்கள் தாங்களா முன்வந்து அங்க போனாங்க. அதுல சாத்ராக் முங்குனானா கேப் மெக்ளியர்ல பள்ளி நடத்தினார். அடுத்த வருஷமே, 1877ல, அங்கயே இறந்துட்டார். வில்லியம் கோயி ஷோசா பாஷைக்காரர். அங்க இருந்த ங்கோனிங்கிற மக்களோட பாஷை அதுக்கு நெருக்கமானதால அவரால அவங்க கூட உட்கார்ந்து பேச முடிஞ்சது. வருஷக்கணக்கா அவங்க நடுவுல இருந்தார். பள்ளி வைக்க ங்கோனித் தலைவர்கள் சம்மதிச்சது 1886ல, அவர் சாகக் கிடந்த நேரத்துல. இந்தப் பேர்களை நம்ம ஞாயிறு பள்ளியில யாரும் சொல்லிக்கொடுக்கல. சொல்லிக்கொடுக்கணும். லிவிங்ஸ்டோனியாவுல ஆசிரியர் பயிற்சி முடிச்ச கிளமென்ட்ஸ் கடாலி தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பெரிய தொழிற்சங்கத்தையே கட்டினார். அந்தப் பள்ளிகளைப் பின்னால தூக்கிச் சுமந்தது அந்த மண்ணுல படிச்சு வந்த ஆசிரியர்கள்தான். நீ போறப்போ அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்காரப்போறே.

அதனால போகலாமான்னு என்கிட்ட கேக்காதே, அந்தப் பள்ளிக்கு எழுதிக் கேளு. எந்தப் பாடம், எந்த ஃபார்ம்? அந்தப் பாடத்துக்கு இப்ப இருக்கிற ஆசிரியர் யார், அவர் கூடச் சேர்ந்து வேலை செய்ய விடுவீங்களா? பள்ளி ஆண்டு அங்க செப்டம்பர்ல ஆரம்பிக்குது, தேர்வு முடியுற வரைக்கும் நான் இருக்கலாமா? பாதி டெர்ம்ல வந்து பாதி டெர்ம்ல போறதா இருந்தா வேண்டாம், பிள்ளைங்களுக்குத்தான் நஷ்டம். பதில் வந்ததும் எனக்கு எழுதும்மா, கடிதத்தைச் சேர்ந்தே படிப்போம். பெட்டியில கொசுவலைக்கும், சிவப்பு பேனாவுக்கும் இடம் வை. பேனா நிறைய வை.

சரி, அடுத்த கேள்வி திருச்சியில இருந்து வந்திருக்கு.